சொறி நாய்க்குக் கழிவு ஆயில் வேண்டாமே!

முயல் திரும்பி நின்று வேட்டை நாய்களை விரட்டிய மண் என்று எங்கள் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு கதை உண்டு. இப்போது முடி கொட்டி, தோல் தடித்து, சொறிந்துகொண்டே திரியும் நாயைக் கண்டால் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை கல்லை எடுத்துவிடுகிறோம். அதைக்கூட மன்னிக்கலாம். இரக்கப்படுகிறவர்கள் செய்வதுதான் கொடுமை! மெக்கானிக் ஷாப்பில் கழிவு ஆயிலை வாங்கிவந்து தலை முதல் வால் வரை பூசிவிடுகிறார்கள். கேட்டால், "பூச்சி செத்துரும்க்கா" என்கிறார்கள்.

நாய் சும்மா இருக்குமா? நக்கத்தானே செய்யும். வயிற்றுக்குள் போனால் வாந்தி எடுக்கும், ஈரலும் கிட்னியும் கெடும். புண்பட்ட தோல் வழியாகவும் விஷம் உள்ளே இறங்கும். மண்ணெண்ணெய், பினாயில் எல்லாம் வெந்த தோலை மேலும் பொசுக்குமே தவிர நோயைத் தீர்க்காது. வேப்பெண்ணெய், மஞ்சளை மட்டும் நம்பியும் நாளைக் கடத்தக்கூடாது.

சொறியிலும் வகை உண்டு. ஒரு வகைச் சிற்றுண்ணி தோலைக் குடைந்து முட்டையிடும். காது ஓரம், முழங்கை என்று ஆரம்பித்து அரிப்பு தாங்காது. மற்ற நாய்களுக்கும் பரவும். தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளுக்கும் கையில், வயிற்றில் தடிப்பு வரலாம். ஆனால் அது நம் உடம்பில் பெருகாது, நாய்க்குக் குணமானால் நமக்கும் போய்விடும். இன்னொன்று, குட்டி பால் குடிக்கும்போதே தாயிடமிருந்து ஒட்டுவது. கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் வட்டம் வட்டமாக முடி கொட்டும். இது மனிதர்களுக்குத் தொற்றாது. படர்தாமரை, அலர்ஜியாலும் முடி கொட்டும். அதனால்தான் டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்.

ஐவர்மெக்டின் என்ற மருந்துக்கு வழிகாட்டிய கண்டுபிடிப்புக்கு 2015-ல் நோபல் பரிசே கிடைத்தது. அதற்காக ஆட்டுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று நாமே நாய்க்குப் போட்டுவிடக்கூடாது. அளவு தப்பினால் ஆபத்து. கோலி போன்ற சில ஜாதி நாய்களுக்கு உயிரே போகலாம். ஒரே ஊசியோடு முடிகிற வைத்தியமும் இல்லை இது. முடி முளைத்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால் திரும்ப வந்துவிடும். நாய் படுக்கிற சாக்கையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும்.

அரசு கால்நடை மருந்தகம் மாட்டுக்கு மட்டும்தான் என்று பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாயையும் அங்கே பார்ப்பார்கள். வீட்டு நாய் என்றால் சரி, தெரு நாயை யார் கொண்டுபோவது என்கிறீர்களா? நாலு வீட்டுச் சோறு தின்று நாலு வீட்டுக்கும் காவல் கிடக்கிற நாய்க்கு, நாலு வீடும் சேர்ந்து ஆட்டோ வாடகை போட்டால் என்ன?

- ஓர் இல்லத்தரசி, பாஞ்சாலங்குறிச்சி