அரிசி இருந்தும் வந்த பஞ்சம்

1943-ல் வங்காளத்தில் மக்கள் பசியால் செத்து விழுந்தபோது அங்கே அரிசி இருந்தது. பொருளியலாளர் அமர்த்தியா சென் பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த ஆண்டின் அரிசி அளவு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 சதவீதம் அளவுக்குத்தான் குறைவு. பஞ்சமே இல்லாத 1941-ஐவிட 13 சதவீதம் அதிகம். போர்ச் செலவால் விலை எகிறியது, கூலி எகிறவில்லை. வயல்கூலிகளும் மீனவர்களும் கடையில் அரிசி இருக்க, வாங்க வழியின்றிச் செத்தார்கள்.

இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது? விலை ஏறிய கதை பொருளியல். மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிராத லண்டன் ஆட்சி அசையாமல் இருந்த கதை அரசியல். காசு உள்ளவருக்கே சோறு என்ற ஏற்பாடு நியாயமா என்பது தத்துவம். மூன்றையும் ஒருசேரப் பிடித்தவரால்தான் 1981-ல் அந்தப் பஞ்சத்தைப் பற்றி அப்படி எழுத முடிந்தது.

இந்த மூன்றையும் ஒரே பட்டமாக்கியது ஆக்ஸ்ஃபோர்டு, 1920-களின் தொடக்கத்தில். கிரேக்கமும் லத்தீனும் படித்தவரே ஆளத் தகுந்தவர் என்ற பழைய நினைப்புக்கு அது மாற்றாக வந்தது. பிரதமர்களாக இருந்த ஹெரால்டு வில்சன், பெனாசிர் பூட்டோ, டேவிட் கேமரூன், ரிஷி சுனக் எல்லோரும் அதில் படித்தவர்கள்.

அங்கே ஒவ்வொரு வாரமும் மாணவர் ஒரு கட்டுரை எழுதி, ஆசிரியர் எதிரே உட்கார்ந்து வரிக்கு வரி பதில் சொல்ல வேண்டும். கூட இருப்பவர் ஒருவரோ இருவரோதான், ஒளிந்துகொள்ள இடமில்லை. நோட்ஸை மனப்பாடம் செய்தே பட்டம் வாங்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி கிடைக்காதா என்று ஏங்குகிறேன். ஆனால், வாரம் ஒரு தலைப்பில் வாதாடிப் பழகியவருக்கு, வாதம் வென்றாலே விஷயம் புரிந்துவிட்டது என்ற மயக்கமும் வரும். அதே பட்டம் பெற்ற பிரிட்டன் பிரதமர் லிஸ் டிரஸ்ஸின் அரசு, 2022 செப்டம்பர் 23-ல், பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமலே பெரும் வரிக்குறைப்பை அறிவித்தது. மூன்றே நாளில் டாலருக்கு எதிராக பவுண்டு வரலாறு காணாத அடிமட்டத்துக்குச் சரிந்தது. பதவியேற்ற 45-வது நாளில் அவர் ராஜினாமாவை அறிவித்தார். ஒருவர் பிழையைப் பாடத்திட்டத்தின் தலையில் கட்டமாட்டேன். முதலாண்டு முடிந்ததும் மூன்றில் ஒன்றைக் கைவிடலாம் என்ற விதியைத்தான் குறை சொல்கிறேன். சேர்த்துப் படிப்பதால் வரும் பலனே அங்கே உடைந்துபோகிறது.

இங்கும் அசோகா போன்ற பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு வந்துவிட்டது. நம் அரசுக் கல்லூரிகளிலோ பொருளியல் மாணவர் அரசியல் வகுப்பை எட்டிப்பார்ப்பதே அபூர்வம். ஆனால் மூன்றும் சேர்ந்த கேள்வி நம் தெருவிலேயே இருக்கிறது. ரேஷன் கடைக்கு நாம் வைத்த ‘நியாய விலைக் கடை’ என்ற பெயரிலேயே நியாயமும் விலையும் ஒட்டி நிற்கின்றன. கார் வைத்திருப்பவருக்கும் அரிசியா என்று அந்த வரிசையில் தினமும் வாக்குவாதம் நடக்கிறது. முதலாண்டு மாணவருக்கு முதல் கட்டுரையாக அதையே கொடுக்கலாம். செலவுக் கணக்கு அதில் வர வேண்டும். 1997-ல் மத்திய அரசு ஏழைகளைத் தனியே பிரித்து ரேஷன் கொடுக்கச் சொன்னபோதும் எல்லோருக்கும் என்பதைத் தமிழ்நாடு ஏன் விடவில்லை என்பதும் வர வேண்டும். வாங்குபவர் கையேந்துகிறாரா, உரிமையைக் கேட்கிறாரா என்பதும் வர வேண்டும்.