நஞ்சுக்கொடியும் நாற்பத்திரண்டு நாள்களும்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் வசிக்கும் என் முன்னாள் மாணவி ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்து ஓர் ஐயம் கேட்டார். அவருடைய மகளுக்கு இது எட்டாவது மாதம். பிரசவத்தின்போது உடனிருந்து உதவ அமர்த்தியிருக்கும் பெண், குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கி, ஆவியில் வேகவைத்து, உலர்த்திப் பொடியாக்கி, குளிகைகளில் அடைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளுக்குச் சில குளிகைகள் விழுங்கினால் இழந்த ரத்தம் ஊறும், பால் சுரக்கும், மனச்சோர்வு அண்டாது என்பது அவர் தரும் உறுதி. கட்டணம் சில நூறு டாலர். ‘இதை மருத்துவரிடமல்லவா கேட்க வேண்டும்?’ என்றேன். ‘விலையைக் கேட்டதும் உங்கள் வகுப்புதான் சார் நினைவுக்கு வந்தது’ என்றார்.

அந்த மாணவியின் தாயார் திருக்கோகர்ணத்தில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கிறார். எண்பதை எட்டும் வயது. செய்தி கேட்டு அவர் அதிர்ந்துபோனார். ‘பசு கன்று ஈன்றால், இளங்கொடி விழும்வரை விடிய விடியக் காவல் இருப்போம். வாயில்லாச் சீவன்கூட அதைத் தின்றுவிடக் கூடாதென்று எடுத்து வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவோம். இவர்கள் மனுஷியைத் தின்னச் சொல்கிறார்களா?’ என்று கேட்டார். பாலுள்ள மரத்தில் கட்டினால் பசுவுக்குப் பால் பெருகும் என்பது அந்த வழக்கத்தின் பின்னுள்ள நம்பிக்கை. மனிதருக்கானதை வீட்டுக் கொல்லையில் நாயோ நரியோ தோண்டாத ஆழத்தில் புதைத்தார்கள். காய்ந்து விழும் தொப்புள்கொடித் துணுக்கைத் தாயத்தில் அடைத்துக் குழந்தைக்குக் கட்டும் வழக்கமும் உண்டு. நம் மொழி அந்த உறுப்புக்கு வைத்த பெயரிலேயே நஞ்சு என்ற சொல் இருக்கிறது.

இதை விற்பவர்கள் முதலில் முன்வைப்பது தொன்மை. ‘பழங்குடி மக்கள் காலங்காலமாகச் செய்தது, நவீன மருத்துவம் மறந்தது’ என்பார்கள். நெவாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர்கள் ஷரோன் யங், டேனியல் பெனிஷெக் இருவரும் 179 சமூகங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நஞ்சுக்கொடியைப் புதைப்பது, எரிப்பது, மரத்தில் தொங்கவிடுவது என்று எத்தனையோ சடங்குகள் அவற்றில் பதிவாகியிருந்தன. ஆனால், பெற்ற தாயே அதை உண்பது ஒரு நிலைபெற்ற மரபாக இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. சீன மருத்துவத்தில் ‘ஸி ஹே சே’ என்ற பெயரில் உலர்ந்த நஞ்சுக்கொடி நெடுங்காலம் பயன்பட்டது உண்மை. அது உடல் மெலிந்தோருக்கும் மலடு நீங்கவும் தரப்பட்ட மருந்தே தவிர, பிரசவித்தவள் தன்னுடையதையே உண்ணும் வழக்கம் அல்ல. அந்த நாடும் 2005இல் நஞ்சுக்கொடி வணிகத்தைத் தடை செய்தது. 2015ஆம் ஆண்டு மருந்தியல் தொகுப்பிலிருந்து அந்த மருந்தையே நீக்கிவிட்டது. பாலூட்டி விலங்குகளில் பெரும்பாலானவை உண்கின்றனவே என்றால், ஆம், உண்கின்றன. ஒட்டகம் உண்பதில்லை. மனித இனமும் ஏனோ கைவிட்டுவிட்டது. அமெரிக்காவில் இப்பழக்கம் முளைத்தது 1970களில். நடிகைகளும் தொலைக்காட்சிப் பிரபலங்களும் பேசத் தொடங்கிய கடந்த பதினைந்து ஆண்டுகளில்தான் அது தொழிலாக வளர்ந்தது.

அறிவியல் சோதனை நடக்காமலும் இல்லை. அதே நெவாடா குழுவினர் 23 பெண்களில் ஒரு பகுதியினருக்கு நஞ்சுக்கொடிக் குளிகையும் மற்றவர்களுக்கு மாட்டிறைச்சிப் பொடி அடைத்த குளிகையும், எது எதுவென்று தெரிவிக்காமல் கொடுத்துப் பார்த்தனர். ரத்தத்தில் இரும்புச்சத்தின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குளிகைகளை முழு அளவில் விழுங்கினாலும், பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்குத் தேவையான இரும்புச்சத்தில் ஏறத்தாழ கால் பங்குதான், அதாவது சுமார் 2 மில்லிகிராம்தான், கிடைக்கிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றித் தரும் ஓர் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இருக்கிறது. மனநிலை, அயர்ச்சி ஆகியவை குறித்து 27 பெண்களிடம் நடத்தப்பட்ட இன்னொரு சோதனையும் பெரிய பயனைக் காட்டவில்லை. சிறிய சோதனைகள்தாம்; ஆனால், விற்பவர்களிடம் அந்த அளவுக்கான சான்றுகூட இல்லை. பால் சுரப்பைப் பொறுத்தவரை கணக்கு தலைகீழானது. நஞ்சு வெளியேறியதும் புரோஜெஸ்டிரான் சட்டெனக் குறைவதுதான் பால் பெருகுவதற்கான தூண்டுதல். அந்த ஹார்மோனைச் சுரந்த உறுப்பையே மீண்டும் வாய்வழி உள்ளே அனுப்புவது எதற்காக என்று விளங்கவில்லை.

தீங்கும் பதிவாகியுள்ளது. 2016இல் ஓரிகன் மாநிலத்தில் ஒரு பச்சிளங்குழந்தைக்கு ரத்தத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டுச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் வந்தது. தாய் விழுங்கிவந்த நஞ்சுக்கொடிக் குளிகைகளில் அதே ‘பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ கிருமி காணப்பட்டதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இத்தகைய குளிகைகளைத் தவிர்க்க வேண்டும் என்பதே அந்த அறிக்கையின் பரிந்துரை.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு கதை உண்டு. கொல்கத்தாவின் ஆல்பர்ட் டேவிட் நிறுவனம் மனித நஞ்சுக்கொடிச் சாற்றிலிருந்து ‘பிளாசென்ட்ரெக்ஸ்’ என்ற மருந்தைப் பல்லாண்டுகளாகத் தயாரித்து வருகிறது. இத்தகைய சாறு கலந்த மருந்துகளின் பயன்பாட்டை 2011இல் மத்திய அரசு சுருக்கியது. புண் ஆறுவதற்கான மேற்பூச்சு, இடுப்புக்குழி அழற்சிக்கான ஊசி ஆகிய இரண்டுக்கு மட்டுமே இப்போது அனுமதி. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, மருத்துவமனையில் பிரியும் நஞ்சுக்கொடி மஞ்சள் பையில் சேர்ந்து எரிகலனுக்குப் போக வேண்டும். டெக்ஸாஸிலோ 2015இல் சட்டம் இயற்றித் தாய்மார்கள் அதை வீட்டுக்கு எடுத்துச்செல்ல வழிசெய்தார்கள்.

இனி என் துறைக்கு வருகிறேன். ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்திய பிறகும், அது பயன்பட்டதா இல்லையா என்று நுகர்வோரால் அறிய முடியாத பொருள்கள் உண்டு. நம்பிக்கையே அவற்றின் விலை. மைக்கேல் டார்பி, ஈடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் 1973இல் இதை விளக்கிய கட்டுரைக்குச் ‘சுதந்திரப் போட்டியும் உகந்த அளவு மோசடியும்’ என்று தலைப்பிட்டார்கள். வகுப்பில் அத்தலைப்பைச் சொன்னதும் எழும் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் மூன்று நான்கு நாள்களில் பல பெண்களுக்கு அழுகையும் எரிச்சலும் வரும். பெரும்பாலோருக்கு இரண்டு வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த இரண்டு வாரங்களும் குளிகை விழுங்கியவர் குளிகைக்கே நன்றி சொல்வார். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்கும் இல்லை, ஒருவேளை விற்றவருக்கும் இல்லை.

ஆனால், படித்த பெண்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்று கேட்டுவிட்டு நகர்வது சோம்பேறித்தனம். ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை நாடு முழுவதற்குமாகச் சட்டத்தில் வைக்காத பணக்கார நாடு அமெரிக்கா. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது ஊதியமில்லாத 12 வாரங்கள். அதுவும் எல்லோருக்கும் அல்ல. பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரத்தில் ஒரே ஒரு பரிசோதனை என்பதே அங்கு நெடுங்கால நடைமுறை. முதல் மூன்று வாரங்களுக்குள் தொடர்புகொள்ள வேண்டும் என்று மகப்பேறு மருத்துவர் சங்கம் சொன்னதே 2018இல்தான். தாய் வீடு பத்தாயிரம் கல் தொலைவில். விடுப்பு இல்லை. குழந்தை இரவெல்லாம் அழுகிறது. அந்த வெற்றிடத்துக்குள் ‘உன்னைக் கவனித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது’ என்ற குரலோடு யார் வந்தாலும் கதவு திறக்கும். விற்கப்படுவது உலர்ந்த தசை, வாங்கப்படுவது கவனிப்பு.

நம்மிடம் அந்த வெற்றிடம் இல்லையா? மருத்துவமனைப் பிரசவங்களில் தமிழகம் 99.6 விழுக்காட்டை எட்டியிருப்பதாக 2019-21ஆம் ஆண்டின் தேசிய குடும்பநல ஆய்வு கூறுகிறது. பெருமைதான். அதே ஆய்வின்படி, இங்கே 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை. அதாவது ரத்தம் குறைந்த உடம்போடும் தையலோடும் வீடு திரும்பும் தாய்மார்கள் ஏராளம். உடல் பழைய நிலைக்குத் திரும்ப மருத்துவம் வகுத்திருக்கும் காலம் 42 நாள்கள். அதுவரை ஆறு முறை வீடு தேடிச் செல்லும் தேசியத் திட்டம் இருக்கிறது. அதன் பெயர் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு. தாய் அந்தப் பெயரில் இல்லை.

முன்பு இதற்கு வீடுகளில் ஓர் ஏற்பாடு இருந்தது. புதுக்கோட்டைக் கீழராஜவீதியில் நாட்டுமருந்துக் கடைக்குப் போய்ப் ‘பிரசவ மருந்து’ என்றால் போதும். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம் என்று பொட்டலம் கட்டித் தருவார்கள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிளறுவது வீட்டு வேலை. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு. இவற்றில் எது எவ்வளவு பயன் தரும் என்று நான் சான்றளிக்க மாட்டேன். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் கீரையையும் மறுத்த கொடுமையும் அதே வீடுகளில்தான் நடந்தது. ஆனால், அந்த மருந்தை இடிக்கவும் கிளறவும் ஊட்டவும் இன்னொரு பெண் அருகில் இருந்தாள், பெற்றவள் படுத்திருந்தாள் என்பதே அதன் முதன்மையான மருத்துவ குணம் என்று தோன்றுகிறது. அரசும் இதை ஒருமுறை உணர்ந்தது. 2015இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் சௌபாக்ய சுண்டி லேகியமும் இடம்பெற்றது.

இன்றைய முதன்மைத் திட்டம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் நடக்கும் மகப்பேறு நிதியுதவி. மொத்தம் 18,000 ரூபாய். 14,000 பணமாகவும், 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும். இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய் எல்லாம் உண்டு. ஆனால், இரண்டு பெட்டகங்களும் கர்ப்ப காலத்திலேயே கைக்கு வந்துவிடுகின்றன. முன்பு பிரசவம் முடிந்ததும் 4,000 ரூபாய் என ஒரு தவணை இருந்தது. 2024இல் தவணைகளைக் குறைத்தபோது அது மறைந்தது. இப்போது கருவுற்ற நான்காம் மாதம் 6,000, குழந்தை பிறந்த நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. நிர்வாகத்துக்கு எளிது, தாய்க்கு மிகவும் தேவையான 42 நாள்களில் ஒரு ரூபாயும் இல்லை. 180 நாள்கள் விழுங்க வேண்டிய இரும்புச்சத்து மாத்திரை மட்டும் இருக்கிறது. அதை விழுங்கினாளா என்று கேட்க ஆள் வேண்டும். பெட்டகங்களில் ஒன்றைப் பிரசவத்துக்குப் பின் தருவதற்கும், இரண்டாம் தவணையைப் பிரசவ வாரத்துக்கே நகர்த்துவதற்கும் கூடுதல் நிதி தேவையில்லை. நாள்காட்டியைத் திருத்தினால் போதும். ஊதியத்துடன் 26 வாரம் என்ற 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அமைப்புசார் துறைப் பெண்களோடு நின்றுவிட்டதால், மற்றவர்களுக்கு இந்தத் தவணைதான் விடுப்பு.

என் மாணவியின் மகள் குளிகை வேண்டாமென்று முடிவெடுத்திருக்கிறார். கீழராஜவீதிப் பொட்டலத்தோடு மாணவியே மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கப்போகிறார். அதற்காகத் தன் அலுவலகத்தில் ஊதியமில்லா விடுப்பு எடுத்திருக்கிறார். எங்கள் தெருமுனையில் எழும்பும் வீட்டில் செங்கல் சுமக்கும் சித்தாள் பெண்ணுக்கு அறுவைச் சிகிச்சை மூலம் ஆண் குழந்தை பிறந்தது. நாற்பதாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். குழந்தை மணல் குவியலுக்குப் பக்கத்தில், வேப்பமரத்துத் தூளியில் கிடக்கிறது. இரண்டாம் தவணைக்கு இன்னும் இரண்டரை மாதம் இருப்பதாகச் சொன்னார்.