பழைய பியானோ இசைத்தட்டுகள் தொகுத்தற்குரியனவா?

நல்ல பொருள்களெல்லாம் நல்ல உறையில் இட்டே நமக்குக் கிடைப்பதில்லை. பலாச்சுளையை விரும்புவோன் முள்ளையும் பிசினையும் பொறுத்தே ஆகவேண்டும். மேனாட்டுச் செவ்விசையில், சிறப்பாகப் பியானோ இசையில், பற்றுடையார் சிலர் நூறாண்டுக்கு முற்பட்ட ஒலிப்பதிவுகளைத் தேடித் தொகுத்து வருகின்றனர். அவற்றைப் புதிதாகக் கேட்போர், "இஃது என்ன, அடுக்களையிற் கடுகு தாளிக்கும் ஓசையா?" என்று நகைப்பர். ஒலி தெளிந்த புதிய பதிவுகள் எண்ணிறந்தன இருக்க, இவ்விரைச்சலைப் பொருள் கொடுத்து வாங்குதல் அறிவுடைமையோ என்பது அவர் வினா. அறிவுடைமையே என்பது எம் விடை. அதற்குரிய காரணங்களை ஈண்டு எடுத்துரைப்பாம்.

முதற்கண், இவ்விரைச்சல் எங்கிருந்து வந்தது என்று காண்போம். எடிசன் 1877-இல் ஒலியைப் பதிந்து மீட்டும் எழுப்பும் கருவியை அமைத்தார். பெர்லினர் 1887-இல் தட்டிற் பதியும் முறைக்கு உரிமை பெற்றார். அதன்பின் 1925-ஆம் ஆண்டு வரையில் மின்சாரத்தின் உதவியின்றியே ஒலி பதியப்பட்டது. வாசிப்போர் ஒரு பெரிய குழலின் வாயருகே இருந்து வாசிப்பர். காற்றின் அதிர்ச்சி ஒன்றே முள்ளை அசைத்து மெழுகிற் கோடு கிழிக்கும். பியானோவின் அடிச்சுரம் நொடிக்கு ஏறத்தாழ 27 அதிர்வும், உச்சச்சுரம் ஏறத்தாழ 4186 அதிர்வும் உடையன. அக்குழலோ 200-க்குக் கீழும் 2000-க்கு மேலும் உள்ள அதிர்வுகளைச் செவ்வனே வாங்கும் ஆற்றலுடையதன்று. அன்றியும், தட்டுகள் அரக்கோடு கற்பொடி கலந்து வார்க்கப்பட்டன. அவ்வரக்கிற் பெரும்பகுதி நம் இந்திய நாட்டுக் காடுகளிற் பூச்சிகள் தந்ததே என்பது நினைவிற்குரியது. கற்பொடியில் முள் உராயுந்தோறும் கரகரப்பு எழுவது இயல்பேயன்றோ?

இவ்வளவு இழப்பிற்குப் பின்னும் எஞ்சுவது யாது என்பதே கேள்வி. எஞ்சுவது காலம் என்போம். எச்சுரம் எப்பொழுது தொடங்கிற்று, எத்துணை நேரம் நின்றது, அடுத்ததனைத் தொடுமுன் கை எவ்வளவு தயங்கிற்று, எது வலிந்தது, எது மெலிந்தது என்பவற்றை இரைச்சல் மறைப்பதில்லை. மழையோசைக்கு இடையே தாயின் குரலைக் குழந்தை அறிந்துகொள்ளவில்லையா? நம் செவியோ இன்னும் வியத்தற்குரியது. மந்தர சுரம் ஒன்றின் அடிப்படை அதிர்வு பதியப்படாது ஒழியினும், அதன் மேற்கிளை அதிர்வுகள் கிடைப்பின், செவி அவ்வடிப்படையை உய்த்துணர்ந்து தானே நிரப்பிக் கேட்கும். ஆதலின் சிறிது பழகியவர்க்கு இரைச்சல் ஒதுங்கி நிற்கும். இசை முன்வந்து நிற்கும்.

இனி, அவ்வாறு முன்வரும் இசை வேறெங்கும் கிடையாதது என்பதைக் காட்டுவோம். சொப்பின் என்னும் பெரும்புலவர் 1849-இல் மறைந்தார். எடிசனுடைய கருவி தோன்றியது 28 ஆண்டுகள் கழித்து. ஆகவே அவர் வாசிப்பை இனி எவரும் கேட்டற்கில்லை. ஆயினும், அவர்பாற் பயின்ற மிகுலி என்பாரிடத்து இளமையிற் கற்ற கொச்சால்ஸ்கி என்பவர், சொப்பினுடைய ஈ பிளாட் நாக்டர்ன் என்னும் இராப்பாட்டை 1938-இல் வாசித்துப் பதிந்துள்ளார். பொதுவாக அச்சிட்டு வழங்கும் தாளிற் காணாத சில அணிகள் அதன்கண் உள்ளன. அவை சொப்பின் தம் மாணாக்கர்க்குக் கற்பித்து வழிவழி வந்த மாறுபாடுகள். அவ்வாறே ஷூமன் என்பாரின் மனைவியாரும் சிறந்த பியானோக் கலைஞருமாகிய கிளாரா அம்மையார் 1896-இல் மறைந்தார். அவரிடம் பயின்ற பேனி டேவிஸ் அம்மையார் ஷூமனுடைய பியானோக் கன்செர்ட்டோவை 1928-இல் வாசித்துப் பதிந்தார். ஆசிரியர் வாய்க்கேள்வி மாணாக்கர் விரலில் ஒலிப்பதை இப்பதிவுகளிற் கேட்கலாம்.

அக்காலத்தார் பலர் இடக்கையைச் சிறிது முன்னும் வலக்கையைச் சிறிது பின்னுமாக இறக்கி வாசித்தனர். ஒருங்கே ஒலிக்கவேண்டிய சுரங்களை யாழ் நரம்பைத் தடவுவது போல ஒன்றன்பின் ஒன்றாக விரித்தனர். அச்சிட்ட தாளில் இதற்குப் பெரும்பாலும் குறி ஒன்றும் இல்லை. இற்றை நாள் மாணவன் அங்ஙனம் வாசிப்பின் ஆசிரியர் அதனைக் குற்றமென்று திருத்துவர். ஒரு தலைமுறையின் வாசிப்பு நெறி முழுதும் வழக்கொழிந்து போயிற்று. அதற்குச் சான்று கூற ஏடு உளது. எனினும் அந்நெறியை நேரே செவிப்படுத்துவன இக்கரகரக்கும் தட்டுகளே.

"பழம்பதிவுகளிற் பிழை மலிந்துள்ளனவே" என்று கூறுவாரும் உளர். உண்மையே. ஒரு பக்கம் ஏறத்தாழ நான்கு நிமிடமே கொள்ளும் அத்தட்டில், ஒரு முறை தொடங்கினால் முடியும்வரை வாசித்தே ஆகவேண்டும்; இக்காலத்தார் போல வெட்டி ஒட்டித் திருத்த வழியில்லை. பீத்தோவனுடைய 32 சொனாட்டாக்களையும் முதன்முதல் முழுதும் பதிந்தவர் ஆர்தர் ஷ்னாபெல். 1932 முதல் 1935 வரையில் அவர் இலண்டனில் அவற்றை வாசித்தார். ஹாமர்கிளேவியர் எனப்படும் 106-ஆம் எண் படைப்பின் முதற்பகுதியில் அவர் விரல்கள் பலவிடத்துத் தவறுகின்றன. அதற்குக் காரணமும் உண்டு: பீத்தோவன் தாமே குறித்துவைத்த கடுவிரைவை எட்டிப்பிடிக்க அவர் துணிந்தார். விரைவைக் குறைத்துப் பிழையின்றி வாசிப்பார் பலர். அத்துணிவு கேட்போரைத் தொடுமாறு, பிழையின்மை தொடுவதில்லை என்பது எம் கருத்து.

தமிழ் பயிலும் எம்மனோர்க்கு இக்கருத்துப் புதிதன்று. பெர்லினர் உரிமை பெற்ற அதே 1887-இல்தான் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் சீவகசிந்தாமணியை வெளியிட்டார்கள். 1894-இல் அவர்கள் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 என்னும் பாட்டுகள் இல்லை. அடி சிதைந்த பாட்டுகளும் பல. ஆதலின் புறநானூற்றை வேண்டாவென்று தள்ளினோமா? ஐயரவர்கள் சிதைந்த இடத்தைத் தம் சொற்களால் நிரப்பவுமில்லை. சிதைவைச் சிதைவென்றே காட்டினார்கள். பழைய ஒலிப்பதிவைத் தூய்மை செய்வோர்க்கும் இதுவே நெறியாதல் வேண்டும். கரகரப்பும் பியானோவின் மேற்கிளை அதிர்வுகளும் ஒரே இடத்தில் விரவிக் கிடத்தலின், கரகரப்பை அடியோடு களைவார் பியானோவின் உயிரையும் களைந்துவிடுவர். இன்று கணிப்பொறியின் துணையால் அங்ஙனம் கழுவிக் கழுவி, பஞ்சிற் பொதிந்தாற்போல ஒலிக்கும் பதிவுகள் பல விற்பனைக்கு வருகின்றன. இரைச்சலோடு கூடிய உண்மையே அவற்றினும் நன்று.

எனினும் எதிர்க்கட்சியார்க்குச் சிலவற்றை விட்டுக்கொடுத்தல் முறை. பியானோ இசையை முதன்முதற் கேட்பவனுக்கு 1889-இல் வியன்னா நகரில் மெழுகுருளையிற் பிராம்ஸ் வாசித்துப் பதிந்ததைக் கொடுத்தல் தகாது. அதனுள் இசை எங்கே என்று வல்லாரும் தேடியே காண்பர். அவன் புதிய நற்பதிவில் தொடங்குக. பிறரிடம் இல்லாத தட்டு என்னும் ஒரே காரணத்தாற் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, ஒரு நாளும் கேளாது பெட்டியிற் பூட்டுவார்க்கும் யாம் வழக்காடவில்லை. பழமை ஒன்றே பெருமை ஆகாது. பழங்காலத்தும் சுவையற்ற வாசிப்பு இருந்தது. கேட்டுத் தேர்ந்து தொகுப்பதே தொகுப்பு.

ஆயினும் காலம் நமக்காக நில்லாது. அரக்குத் தட்டு கைதவறின் உடையும். இரண்டாம் உலகப்போரின்போது அரக்குத் தட்டுப்பாட்டால், பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்துப் புதியன வார்த்தனர். அவற்றோடு எத்தனை வாசிப்புகள் மாண்டனவோ! இன்று வீட்டிற் பெரியவர் ஒருவர் மறைந்தவுடன், அவர் தட்டுகள் பழம்பொருள் வாங்குவோன் கூடைக்குச் செல்கின்றன. படி எடுத்தாயிற்று என்று மூலத்தை எறிவதும் தவறு. இன்று எடுத்த படியினும் திருத்தமான படியை நாளை எடுக்கக்கூடும். மூலம் போயின் அதுவும் போயிற்று.

ஆகவே பழைய மாணவர்க்கும் உடன்பயிலும் நண்பர்க்கும் யாம் வேண்டுவது இது. உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய தட்டுகள் இருப்பின் எறியற்க. அவற்றை நிமிர்த்தி நிறுத்தி வெயில் படாது வைம்மின். சாராயங் கலந்த நீராற் றுடையாதீர். அரக்கு அதிற் கரைந்துவிடும். நடுவிலுள்ள தாளில் எழுதிய பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஒரு நாள் ஓய்ந்திருந்து ஒரு பக்கத்தை முழுதும் கேளுங்கள். முதல் நிமிடம் இரைச்சலைக் கேட்பீர்கள். நான்காம் நிமிடத்தில், என்றோ மறைந்த ஒருவர் இரண்டு சுரங்களுக்கு இடையே ஒரு கணம் தயங்கியதைக் கேட்பீர்கள்.