குடத்தின் மேல் சாத்திய வில்

ஆடி மாதத்தில் குற்றாலத்தில் சாரல் வீசும் நாள்களில், தென்காசியைச் சூழ்ந்த சிற்றூர்களில் அம்மன் கொடை நடைபெறும். அருவியில் நீராடி இரவில் ஊர் திரும்புகிறவர்களின் செவியில் முதலில் விழுவது வில்லின் மணியோசையே. அதே ஓசையை நம் ஆலய முற்றங்களிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். புனிதர்களின் வரலாற்றை வில்லில் கேட்ட நம் பாட்டிமார், ஞானோபதேசத்தில் படித்ததைவிட அதையே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

சென்ற ஆண்டு இவ்வட்டாரப் பங்கு ஒன்றில், திருவிழாவுக்கு நாள் குறித்துக்கொள்ள வழக்கம்போல் வந்த அண்ணாவியாரிடம், "இந்தக் காலத்துக்கு வில்லு எடுபடாது, மெல்லிசைக் குழுவுக்குச் சொல்லிவிட்டோம்" என்றார்கள். "அப்படியே ஆகட்டும் ஐயா" என்று அவர் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார். அருகில் நின்றிருந்த நாமும் வாய் திறக்கவில்லை. அன்றிரவு நம் நினைவுக்கு வந்தவர் புலவர் சுப்பு ஆறுமுகம்.

நெல்லைச் சீமையின் சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்தவர் அவர். இளமையிலேயே பாட்டுக் கட்டும் திறம் வாய்த்திருந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அத்திறத்தைக் கண்டு, 1948-இல் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். காந்தியடிகளின் வரலாற்றை ஆறுமுகம் வில்லுப்பாட்டாக எழுத, கலைவாணர் அதைப் பாடினார். கொடைகளில் சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் பாடிவந்த வில், அண்ணலின் கதையையும் பாடிற்று. திரைப்படங்களுக்கு நகைச்சுவைப் பகுதிகள் எழுதிய நாள்களிலும் அவர் வில்லைக் கைவிடவில்லை. இராமாயணம், பாரதம், நாட்டு நடப்பு என எதை எடுத்தாலும் கதைதான் மாறியது; வில் மாறவில்லை. 2005-இல் சங்கீத நாடக அகாதமி விருதும் 2021-இல் பத்மஸ்ரீயும் அவரை வந்தடைந்தன. 2022 அக்டோபர் 10-ஆம் நாள், தம் 94-ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய மகள் பாரதி திருமகன் தந்தையின் கலையைத் தொடர்ந்து வருகிறார்.

இக்கருவியை அருகிருந்து பார்த்தறியாத இளைஞர்களுக்காக ஒரு சொல். மணிகள் கட்டிய நீண்ட வில்லை மண்குடத்தின் மேல் சாத்திக் கட்டுவார்கள். புலவர் வீசுகோலால் நாணைத் தட்ட மணிகள் குலுங்கும். குடக்காரர் பாளை மட்டையால் குடத்தின் வாயை அறைவார். உடுக்கும் தாளமும் கட்டையும் உடன் சேரும். உலகின் மறுகோடியில், தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களிடத்திலும் ஓர் இசைவில் உண்டு. அங்கே குடத்துக்குப் பதிலாகச் சுரைக்குடுவை. 1984-இல் மறைந்த மகோகோ என்னும் அரச குலத்து அம்மையார், தம் குலத்தின் பழம் பாடல்களை அந்த வில்லை இசைத்தே பாடிவந்தார்.

வில்லுப்பாட்டின் உயிர் வில்லிலோ குடத்திலோ இல்லை, "ஆமாம்" என்ற சொல்லில் இருக்கிறது என்பது நம் கருத்து. புலவர் ஒன்றைச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமாம்" என்பார், சில சமயம் "அதெப்படி அண்ணாச்சி?" என்று மறிப்பார். கூட்டத்தில் இருப்பவன் மனத்தில் எழும் ஐயத்தை அவன் சார்பில் மேடையிலேயே கேட்டுவிடுகிறார். எழுத்தறியாதவனும் கதையில் பங்காளி ஆகிவிடுகிறான். நம் பிரசங்கங்களுக்கிடையிலும் இப்படி ஒருவர் குறுக்கிட்டால், பல பாதியாகச் சுருங்கும். இதைச் சொன்னதற்குக் குருக்கள் நம்மை மன்னிப்பார்களாக.

மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பு அளிக்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே திருவழிபாட்டுச் சட்டத்தில் கூறிவிட்டது. நம் விழாக்குழுவினர் அதைப் படித்திருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. மெல்லிசைக் குழுவுக்குக் கொடுத்த தொகையில் பாதியையாவது அண்ணாவியாருக்குக் கொடுத்து, ஓர் இரவு பாடவிட்டிருக்கலாம்.

இவ்வாண்டுத் திருவிழாவுக்கு அவரை அழைக்கும்படி பங்குத்தந்தையிடம் சென்ற மாதம் கேட்டோம். ஒரு மணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கொடையில் விடிய விடிய ஒலிக்கும் வில்லுக்கு ஒரு மணி நேரம் எம்மாத்திரம்! ஆயினும் செய்தி எட்டிய அன்றே, அண்ணாவியார் புனித சவேரியாரின் கதையைச் சுருக்கி எழுத உட்கார்ந்துவிட்டாராம்.