பட்டத்தோடு படிப்பு முடிந்ததா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே நம் குடிநீர். தோட்டக்காரனின் உயிரும் அதுவே. அடித்தளமிடாத மலக்குழியின் கழிவு அவ்வெடிப்புகள் வழியே அயற்கிணற்றை அடைகின்றது. பசளையும் நீரைக் கெடுக்கின்றது என்பது மெய். அதனாற் கட்டடக் கலைஞரின் பொறுப்புக் குறைந்துவிடுமா?

மொறட்டுவையிற் கட்டடக்கலை பயின்றோரும் கிளிநொச்சியிற் பொறியியல் பயின்றோரும் நம்மிடையே உளர். அன்பர்களே! பட்டம் தொழிலின் வாயிலேயன்றி முடிவன்று. திங்களுக்கு ஒருநாளேனும் ஊர் வாசிகசாலைக்கு வாருங்கள். கசிவில்லாக் குழி கட்டும் முறையையும், கிணற்றுக்கு அது எவ்வளவு விலகவேண்டும் என்பதையும் மேசன்மாருக்குக் கற்பியுங்கள். எக்கிணறு எப்போது உவர்க்கும் என்பதைக் கமக்காரனிடம் கற்றுக்கொள்ளுங்கள். அதுவே தொழில் வளர்ச்சி, அதுவே ஊர்ப்பணி.

கிணறு கெட்டபின் மாடிவீடு எதற்கு?