தண்ணீர் குடித்த கியர் பொக்ஸ்

ஒட்டோ கியர் வாகனம் ஒன்று இழுக்காமல் நின்றுவிட்டால் திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் ஒரே மருந்துதான்: கொழும்புக்குப் போ, பஞ்சிகாவத்தையில் பாவித்த பொக்ஸ் ஒன்று எடு, பூட்டு, ஓடு. மெனுவல் பொக்ஸை நித்திரையில் எழுப்பிக் கொடுத்தாலும் பூட்டிவிடக்கூடிய பாஸ்மாரே ஒட்டோ என்றதும் கையை விரிக்கிறார்கள். ஒயில் மாற்றித் தருவார்கள், அதற்குமேல் தொடமாட்டார்கள். இந்தப் பயத்துக்கு அவசியமில்லை என்று எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் லிங்கநகர் ஒழுங்கையில், ஒரு வீட்டு முற்றத்தில், ஒரு ஒட்டோ பொக்ஸை முழுதாகக் கழற்றிப் பூட்டினார்கள். அருகில் இருந்து பார்த்தேன். எது எந்த ஒழுங்கில் வெளியே வந்தது என்று எழுதும் கொப்பி என் கையில் இருந்தது.

வாகனம் ஒரு டொயோட்டா டொல்பின் வான். கல்யாண ஹயர், கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள், நிலாவெளிக்கு வரும் சுற்றுலாக்காரர் என்று ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் வான். மேடு ஏறும்போது எஞ்சின் இரையும், வான் நகராது. முதல் தடவை இப்படியானபோது கொழும்பிலிருந்து ஒரு பொக்ஸ் கொண்டுவந்து மாற்றினார்கள். அது ஒரு வருடம் தாங்கவில்லை. அதே நோய், அதே இரைச்சல்.

பாவித்த பொக்ஸ் என்பது என்ன? உங்கள் வாகனத்தின் வயதிலேயே உள்ள இன்னொரு வாகனத்தின் வயிற்றிலிருந்து எடுத்தது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. நடுவில் 2022 வந்து, 200 ரூபாயில் நின்ற டொலர் 360ஐத் தொட்டது. அந்த ஆண்டுகளில் எங்கள் வாகனங்கள் மட்டுமா கிழடு தட்டின? கடைத் தட்டில் அடுக்கியிருந்த பொக்ஸ்களுக்குள் இருந்த இறப்பர் சீல்களும் சேர்ந்துதான் காய்ந்து இறுகின. வெளியே கழுவித் துடைத்து வெள்ளிபோல் மின்னும் பொக்ஸுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. இரண்டாம் தடவையும் அந்தச் சீட்டை எடுக்க வான்காரர் விரும்பவில்லை.

அவருடைய மைத்துனர் கட்டாரில் ஒரு கராஜில் வேலை செய்துவிட்டு வந்தவர். பொக்ஸை இறக்க ஜக்கைத் தேடியவரை நிறுத்தி, "அத்தான், கழற்ற முன்னம் ஏன் செத்தது எண்டு பார்ப்பம்" என்றார். ஒயில் குச்சியை உருவி ஒரு வெள்ளைக் கடதாசியில் தொட்டார். நல்ல ஒட்டோ ஒயில் தெளிந்த சிவப்பு. கிளட்ச் எரிந்தால் கறுத்துப்போய்த் தீய்ந்த மணம் வரும். இதுவோ பலூடா நிறத்தில், நுரைத்து, கடதாசியில் பரவியது. அந்த ஒரு சொட்டிலேயே விஷயம் வெளித்துவிட்டது. பொக்ஸுக்குள் தண்ணீர்.

தண்ணீர் எப்படிப் போனது? ஒட்டோ பொக்ஸின் ஒயில் சூடாகும். அதைக் குளிரவைக்க இரண்டு குழாய்கள் முன்னால் ரேடியேட்டருக்குப் போகின்றன. பெரும்பாலான வாகனங்களில் ரேடியேட்டரின் அடித் தொட்டிக்குள் ஒரு சிறிய கூலர் மூழ்கிக் கிடக்கும். அதற்கு உள்ளே ஒயில் ஓடும், வெளியே தண்ணீர் நிற்கும், நடுவில் ஒரு மெல்லிய உலோகச் சுவர். கூலன்ட் விலை ஏறிய காலத்தில் பாதி கூலன்ட், மீதி கிணற்றுத் தண்ணீர் என்று ஊற்றியவர்கள் இங்கே நிறையப் பேர். எங்கள் கிணறுகளின் உவர் எப்படிப்பட்டது என்று சமையலறைக் கேத்தலின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் கூலரின் சுவரை அரித்துத் துளைக்கிறது. எஞ்சின் ஓடும்வரை ஒயிலின் அழுத்தம் தண்ணீரைத் தள்ளி வைக்கும். எஞ்சினை நிறுத்தியதும் ஒயிலின் அழுத்தம் போய்விடும், சூடான ரேடியேட்டரின் அழுத்தம் இன்னும் நிற்கும். அப்போது தண்ணீர் உள்ளே நுழைகிறது. வான் சும்மா நிற்கும் நேரத்தில்தான் பொக்ஸ் சாகிறது.

முதல் பொக்ஸைக் கொன்றதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். மாற்றிப் பூட்டியபோது ரேடியேட்டரை யாரும் தொடவில்லை. கடன்பட்டுக் கொண்டுவந்த இரண்டாவது பொக்ஸும் அதே துளையின் முன்னால் போய் உட்கார்ந்தது. இதை நினைக்க எனக்கு இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை. அந்தக் காசு எத்தனை ஹயரின் உழைப்பு!

உள்ளே இருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் இடையில் டோர்க் கொன்வேர்ட்டர். எஞ்சின் சுழற்றும் சக்கரம் ஒயிலை வீச, அந்த ஒயில் எதிரே உள்ள சக்கரத்தைச் சுழற்றும். உள்ளே இருக்கும் கிளட்ச் பிடிக்காதவரை இரண்டுக்கும் உலோகத் தொடர்பு இல்லை. கார் ஓட்டுவதற்கென்று யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை என்பது துறைமுகத்துக்காரரான எங்களுக்குச் சுவையான செய்தி. ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில், வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் இருந்த ஹெர்மன் ஃபொட்டிங்கர், வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுழலவேண்டிய கப்பல் விசிறியோடு இணைக்கத்தான் 1905இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். ஸ்டெட்டின் இன்று போலந்தில் இருக்கிறது. 1957இல் பிரித்தானியக் கடற்படை விட்டுப்போகும்வரை எங்கள் டொக்யார்டில் கப்பல் வேலை பழகிய பிட்டர்மாரும் டர்னர்மாரும் இருந்த ஊர் இது. ஒரு வானின் பொக்ஸுக்குப் பயப்படுவது எங்களுக்கு அழகல்ல.

கொன்வேர்ட்டருக்குப் பின்னால் பல்சக்கரங்கள். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி வரும் சிறியவை, எல்லாவற்றையும் சூழ ஒரு வளையம். இவை எப்போதும் ஒன்றோடொன்று பிடித்தபடியே இருக்கும். எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கியர் மாறும். பிடித்து நிறுத்துவது கிளட்ச் தட்டுகள். அவற்றை அழுத்துவது ஒயில். எந்த ஒயிலை எந்தக் கிளட்சுக்கு எப்போது அனுப்புவது என்று தீர்மானிப்பது வால்வ் பொடி. பல்சக்கரம் உடைவது அபூர்வம். கெட்டுப்போவது பெரும்பாலும் கிளட்ச் தட்டின் மேல் ஒட்டியிருக்கும் கடதாசி போன்ற பூச்சும், பிஸ்டனின் இறப்பர் சீலும்தான். பாகங்களும் பக்கிங்குகளும் சேர்ந்த கிட் கடையில் கிடைக்கிறது. இரும்பு எல்லாம் நல்லபடி இருக்க, கடதாசியும் இறப்பரும் போனதற்காக ஒரு முழுப் பொக்ஸைத் தூக்கி எறிகிறோம்.

தண்ணீர் குடித்த பொக்ஸில் பூச்சு உப்பி, பசை விட்டுப்போகும். முற்றத்தில் திறந்தபோது சில தட்டுகளில் நகத்தால் சுரண்டினாலே பூச்சு உரிந்து வந்தது. ஒயில் தொட்டியின் அடியில் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு மட்டும். அது நல்ல அறிகுறி. கூரான உலோகத் துண்டுகள் கிடந்திருந்தால் பல்சக்கரமோ பெயரிங்கோ போயிருக்கிறது என்று அர்த்தம், செலவும் வேறு கணக்கு.

கருவிகள் என்று பயமுறுத்துவார்கள். உள்ளபடி தேவைப்பட்டவை: நல்ல சேர்க்கிளிப் பிளையர், மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளக்கும் டயல் கேஜ், ஃபீலர் கேஜ், சிறிய இறுக்கங்களைக் காட்டும் டோர்க் ரென்ச். கடைசியாகச் சொன்னதை இரவல் வாங்கியாவது கொண்டுவர வேண்டும். வால்வ் பொடியின் போல்ட்டுகளுக்கு டொயோட்டா சொல்வது 10 நியூட்டன் மீற்றர் அளவுதான், கைப்பலத்தில் இறுக்கினால் அலுமினியப் புரி கழன்றுவிடும். கிளட்ச் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியை லேத் கடையில் ஒரு புரிக்கம்பி, இரண்டு இரும்புத் தட்டு, இரண்டு நட் வைத்துச் செய்துகொண்டார்கள். பழைய மேசை ஒன்றின் நடுவில் வட்டமாகத் துளை வெட்டி, பொக்ஸை முன்முகம் மேலாக நிமிர்த்தி வைத்தார்கள். தண்டு துளைக்குள் இறங்கும், பாகங்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக நேராக இறங்கி உட்காரும். கிடத்தி வைத்துப் பூட்டினால் தட்டுகளின் பல்வரிசை ஒன்றோடொன்று சேராமல் பாதியில் நின்றுவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய கருவி துப்புரவு. எங்கள் கராஜ்களில் கைக்கு முதலில் வருவது கொட்டன் வேஸ்ட். அது இந்த முற்றத்துக்குள் வரவே கூடாது என்று மைத்துனர் முதலிலேயே தடை போட்டார். ஒரு நூல் இழை போதும், வால்வ் பொடியில் ஒரு வால்வ் ஒட்டிக்கொண்டு நிற்கும். துடைப்பதற்கு வீட்டு அலுமாரியிலிருந்து ஒரு பழைய நைலெக்ஸ் சேலை வந்தது. அதிலிருந்து இழை பிரிவதில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து உலர்த்தி, வெள்ளைத் துணி விரித்த தட்டங்களில் ஒழுங்காக அடுக்கினார்கள். வால்வ் பொடியைப் பிரிக்கும்போது மிளகளவு இரும்புக் குண்டுகள் உருண்டு வரும். எது எந்தக் குழியில் இருந்தது என்பதற்குக் கையடக்கத் தொலைபேசியில் படம், கொப்பியில் வரைபடம், இரண்டும் வேண்டும்.

புதுத் தட்டுகளை உலர்ந்தபடி பூட்டக்கூடாது. ஒட்டோ ஒயிலில் குறைந்தது கால் மணிநேரம் ஊற வேண்டும், அவசரமில்லை என்றால் இரண்டு மணிநேரம் விடலாம். மெல்லிய வொஷர்களையும் பெயரிங்குகளையும் விழாமல் ஒட்டி வைக்கக் கிரீஸ் பூசாதீர்கள். அது கரையாமல் பில்டரை அடைக்கும். வஸ்லின் பூசுங்கள், ஒயில் சூடானதும் கரைந்துவிடும். ஒவ்வொரு கிளட்சையும் பூட்டியதும் ஃபீலர் கேஜால் இடைவெளி பார்த்து, அந்தப் பொக்ஸின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். ஒயில் போகும் துளையில் 57 பி.எஸ்.ஐ. அளவில் காற்றைக் கொடுத்தால் உள்ளே பிஸ்டன் நகர்ந்து தட்டுகளைப் பிடிக்கும். 'டொக்' என்று ஒரு தடித்த, சுத்தமான சத்தம். சீல் மடிந்திருந்தால் சத்தம் வராது, சீறல் மட்டும் கேட்கும். ஒரு கிளட்சில் சீறல்தான் வந்தது. மூடிய பிறகு தெரியவந்திருந்தால் எல்லாம் முதலிலிருந்து. மேசையில் இருக்கும்போதே தெரிந்ததால் அந்தச் சீலை மட்டும் திரும்பப் போட்டார்கள், 'டொக்' வந்தது.

வீட்டில் செய்யமுடியாததையும் சொல்லிவிட வேண்டும். டோர்க் கொன்வேர்ட்டர் சுற்றி வெல்ட் செய்யப்பட்டது, அதற்குள்ளும் கிளட்ச் பூச்சு உண்டு. தண்ணீர் போனதைக் கழுவி நம்புவது சரியல்ல. அதைக் கொழும்புக்கு அனுப்பி, வெட்டித் திருத்திய வேறொன்றை வாங்கினார்கள். ரேடியேட்டர் புதிது. ஒயில் குழாய்கள் இரண்டையும் கழுவிக் காற்றடித்தார்கள். வகன் ஆர் போன்ற சீவீடி வாகனங்களின் பொக்ஸை முற்றத்தில் திறக்காதீர்கள், அதன் இரும்புப் பட்டிக்கும் கப்பிக்கும் தனிப் பிரஸ் வேண்டும். அக்வா, பிரியஸ் என்றால் கிட்டவே போகாதீர்கள். அங்கே இருக்கும் மின்னழுத்தம் ஆளைக் கொல்லும்.

கொன்வேர்ட்டரை உட்காரவைப்பதில்தான் புதியவர்கள் அதிகம் விழுவது. சுழற்றிச் சுழற்றித் தள்ள வேண்டும், படிப்படியாக உள்ளே இறங்கும். இறங்கி முடிந்ததா என்று கண்ணால் சொல்லமுடியாது. பொக்ஸின் வாய்க்கு நேராக ஓர் இரும்பு அடிமட்டத்தை வைத்து, கொன்வேர்ட்டர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து கையேட்டோடு பார்க்க வேண்டும். கடைசிப் படி இறங்காமல் எஞ்சினோடு சேர்த்துப் போல்ட் இறுக்கினால் ஒயில் பம்ப் நொறுங்கும். இறக்கும்போதும் ஏற்றும்போதும் வானைக் கல்லடுக்கிலோ ஜக்கிலோ மட்டும் நிறுத்திக் கீழே படுக்காதீர்கள். பொக்ஸின் பாரம் தனி, வானின் பாரம் தனி. இரண்டும் நெஞ்சுக்கு மேலே தொங்குகின்றன.

அக்சிலேட்டரிலிருந்து பொக்ஸுக்கு வரும் கேபிளை மறந்துவிடுகிறார்கள். பழைய வகைகளில் ஒயிலின் அழுத்தத்தை அதுதான் கூட்டிக் குறைக்கிறது. பெடலை முழுக்க மிதித்த நிலையில் கேபிளில் உள்ள நிறுத்திக்கும் உறையின் நுனிக்கும் 0 முதல் 1 மில்லிமீற்றர் இடைவெளிதான் இருக்கலாம். தளர்ந்திருந்தால் அழுத்தம் போதாமல் புதுத் தட்டுகளும் வழுக்கி எரியும். எஞ்சினைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியர்களுக்கும் லீவரை ஒருமுறை கொண்டுபோய், ஒயில் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போதே குச்சியில் அளவு பார்த்தார்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பிரேக்கை இறுக மிதித்து, டீயில் போட்டு முழு அக்சிலேட்டர் கொடுத்தார்கள். ஐந்து செக்கனுக்கு மேல் இல்லை. எஞ்சின் கட்டுக்கடங்காமல் இரையவில்லை. கிளட்ச் பிடிக்கிறது. அன்று மாலை வான் உவர்மலை மேட்டில் ஏறியது.

அடுத்த சில ஹயர்களுக்குப் பிறகு ஒயிலைத் திரும்ப வெள்ளைக் கடதாசியில் பார்த்தார்கள், சிவப்பு. ரேடியேட்டரில் இப்போது கூலன்ட் மட்டும்.

ஒரு வேண்டுகோள் பாக்கி இருக்கிறது. பொக்ஸிலிருந்து வடித்த ஆறேழு லீற்றர் ஒயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். எங்கள் வாய்க்கால்களில் ஓடுவது மாரியில் கடலுக்குப் போய்ச் சேரும். மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஒயில் எடுக்கும் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். கூலன்ட் கலந்ததைத் தனிக் கேனில் வைத்து, கலந்திருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. திறந்த பேசினில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் நாய் வந்து நக்கும், ஆடு வந்து குடிக்கும். கோட்டைப் பக்கத்திலிருந்து நகருக்குள் நடந்து திரியும் மான்களுக்கும் அது தெரியாது.