சட்டமே குற்றவாளியாக இருக்கும்போது

"சட்டம் நல்ல சட்டம்தான், அதைக் கையில் வைத்திருக்கும் ஆள்தான் சரியில்லை." தொலைக்காட்சி விவாதம், பட்டிமன்றம், தேர்தல் மேடை என எங்கும் ஒலிக்கும் வசனம் இது. சொல்பவர் பெரும்பாலும் அம்பேத்கரைத் துணைக்கு அழைப்பார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் அந்தப் பொருள்படப் பேசியது உண்மை. ஆனால், வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை தரும் ஒரு சட்டத்தை எழுதி முடித்த நிலையில், அதை நடத்தப் போகிறவர்களுக்கு அவர் விடுத்த எச்சரிக்கை அது. அதை உலகத்து அரசியலமைப்புகளுக்கெல்லாம் பொதுவிதியாக்கி, ஏட்டில் இருப்பது எல்லாம் குற்றமற்றது என்று தீர்ப்பெழுதுவது பெரும்பிழை. அநீதியைத் திட்டமிட்டு ஏட்டிலேயே எழுதிவைத்த சட்டங்கள் உண்டு. நேர்மையான அதிகாரி ஒருவர் அவற்றை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினாலும் விளைவது அநீதிதான்.

இதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்புச் சட்டம் உண்டு. அலபாமா 1819, 1861, 1865, 1868, 1875, 1901 என ஆறு சட்டங்களை எழுதியது. ஆறாவது சட்டம்தான் 2022 வரை, நூற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மாநிலத்தை ஆண்டது.

1901 மே மாதம் தலைநகர் மாண்ட்காமரியில் 155 பிரதிநிதிகள் கூடினார்கள். அன்று மாநில மக்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கறுப்பர்கள். அந்த 155 பேரில் ஒருவர்கூடக் கறுப்பர் இல்லை, பெண்ணும் இல்லை. மாநாட்டின் தலைவர் ஜான் நாக்ஸ் தம் தொடக்க உரையிலேயே நோக்கத்தை ஒளிக்காமல் சொன்னார்: அமெரிக்க அரசியலமைப்பு விதிக்கும் எல்லைக்குள் நின்று, இந்த மாநிலத்தில் வெள்ளையர் மேலாதிக்கத்தை நிலைநாட்ட வேண்டும். அதுவரை வாக்குப்பெட்டியில் மோசடி செய்து சாதித்ததை இனிச் சட்டத்தின் வழியே சாதிக்க வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம். சட்டத்தை எழுதியவர்களே அதன் நோக்கத்தை ஊரறியச் சொல்லியிருக்கும்போது, நடைமுறையின் மேல் பழி போடுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

இன அடிப்படையில் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் பதினைந்தாவது திருத்தம் 1870 முதலே சொல்லிவந்தது. ஆகவே அலபாமாவின் வாக்காளர் தகுதிப் பிரிவுகளில் நிறம் என்ற பேச்சே வராது. 178, 181, 194 ஆகிய பிரிவுகளை மட்டும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். வாக்காளர் மாநிலத்தில் இரண்டு ஆண்டும், கவுண்ட்டி எனப்படும் மாவட்டத்தில் ஓராண்டும், தம் வாக்குச்சாவடிப் பகுதியில் மூன்று மாதமும் குடியிருந்திருக்க வேண்டும். அமெரிக்க அரசியலமைப்பின் எந்தப் பிரிவைக் கொடுத்தாலும் ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். முந்தைய பன்னிரண்டு மாதங்களில் பெரும்பகுதி ஏதேனும் தொழிலில் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 40 ஏக்கர் நிலமோ 300 டாலர் மதிப்புள்ள சொத்தோ இருக்க வேண்டும். அதற்கு வரியும் கட்டியிருக்க வேண்டும். இவற்றோடு ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி வேறு. 21 வயது முதல் 45 வயது வரை அது சேர்ந்துகொண்டே போகும். கட்டாத பாக்கி 36 டாலர் வரை ஏறும். முழுப் பாக்கியையும் தேர்தல் ஆண்டின் பிப்ரவரி 1ஆம் தேதிக்குள் தீர்க்காதவருக்கு வாக்கில்லை.

பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுத குடியானவரின் நிலையிலிருந்து இதைப் பாருங்கள். விளைச்சலில் பாதி நிலக்கிழாருக்குப் போகும். மீதி கடைக்காரர் கடனுக்குப் போகும். ரொக்கம் அவர் கைக்கு வருவதே அரிது. ஓராண்டு ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த பண்ணை தேடிப் போகிறவருக்குக் குடியிருப்புக் கணக்கே குலைந்துவிடும். சொந்த நிலம் இல்லை. எழுத்தறிவு தரும் பள்ளியும் பெயருக்குத்தான். இத்தனையும் ஒருவர் மேல் கூடி விழும்படி கணக்குப் போட்டு எழுதிய பிரிவுகள் இவை. தலைவரி ரசீதைக் கேட்கும் அதிகாரி நல்லவரா கெட்டவரா என்பதால் இங்கே எதுவும் மாறப்போவதில்லை.

182ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. எந்தெந்தக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் வாக்குரிமை இழப்பார் என்ற பட்டியல் அது. கறுப்பர்கள் மேல் எளிதில் சுமத்தக்கூடியவை என்று பிரதிநிதிகள் கருதிய நாடோடித் திரிதல் போன்ற சில்லறைக் குற்றங்களைத் தேடிப் பொறுக்கிச் சேர்த்தார்கள். அதன் விளைவாக, வங்கியில் பணமில்லாமல் காசோலை கொடுத்தவர் வாக்கை இழந்தார். காவல் அதிகாரியைத் தாக்கியவர் இழக்கவில்லை. 1985இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'ஹண்டர் எதிர் அண்டர்வுட்' வழக்கில் இன வஞ்சகத்தோடு எழுதப்பட்டது என்று சொல்லி அந்தப் பிரிவின் இந்த ஏற்பாட்டைச் செல்லாதாக்கியது. எழுதி எண்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு!

இந்தச் சட்டத்துக்கு மக்கள் ஒப்புதல் கிடைத்ததாக அறிவித்த கதையையும் சொல்ல வேண்டும். 1901 நவம்பர் 11 வாக்கெடுப்பில் ஆதரவாக 1,08,613 வாக்குகள், எதிராக 81,734 வாக்குகள் என்று கணக்குக் காட்டினார்கள். கரிசல் மண் நிறைந்த, கறுப்பர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த டல்லாஸ், ஹேல், வில்காக்ஸ் ஆகிய மூன்று கவுண்ட்டிகளில் மட்டும் ஆதரவாக 17,475, எதிராக 508! அங்கே வாக்களிக்கும் வயதுடைய வெள்ளை ஆண்களே 5,623 பேர்தான். தங்கள் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டத்துக்குக் கறுப்பர்களே ஆயிரமாயிரமாய்த் திரண்டு வாக்களித்தார்கள் என்று நம்பச் சொன்னது அந்தக் கணக்கு.

வாக்களிக்கும் தகுதியுள்ள கறுப்பர்கள் 1900இல் சுமார் 1,81,000 பேர் இருந்தார்கள். 1903இல் வாக்காளர் பட்டியலில் மூவாயிரம் பேர்கூட மிஞ்சவில்லை. ஏழை வெள்ளையர்களும் தப்பவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் தந்த விலக்கு 1902இன் முடிவோடு காலாவதியானது, தலைவரி நிலைத்தது. நாற்பது ஆண்டுகளில் வாக்கிழந்தவர்களில் கறுப்பர்களைவிட வெள்ளையர்களின் எண்ணிக்கையே மிகுந்துவிட்டது. நிறத்தைச் சொல்லி ஏழை வெள்ளையரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்ட நிலக்கிழார் கூட்டம், அவர்களின் வாக்கையும் சேர்த்தே விழுங்கியது.

"நீதிமன்றம் இருக்கிறதே" என்பார்கள். மாண்ட்காமரியைச் சேர்ந்த ஜாக்சன் கைல்ஸ் என்ற கறுப்பர், தம்மைப் போன்ற ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சார்பில் வழக்குத் தொடுத்தார். கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் வெளியே தெரியாமல் பணம் கொடுத்து உதவினார். 1903இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. இது அரசியல் அநீதி என்றால் அதற்கான பரிகாரத்தை அந்த மாநில மக்களிடமும் ஆட்சியிடமும்தான் தேட வேண்டும் என்ற பொருளில் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதினார். வாக்கே இல்லாதவரைத் தேர்தல் வழியாக நியாயம் தேடிக்கொள்ளச் சொன்ன தீர்ப்பு அது.

இங்கே எதிர்த் தரப்பின் வலுவான வாதம் ஒன்றுக்கு விடை சொல்லியாக வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுதிகளைச் சீரமைக்க வேண்டும் என்று அதே 1901 சட்டம் சொன்னது. சட்டமன்றம் அறுபது ஆண்டுகள் அதைச் செய்யவில்லை. மாநிலத்தின் கால்வாசி மக்கள் வாழும் பகுதிகளே சட்டமன்றப் பெரும்பான்மையைத் தீர்மானிக்கும் நிலை வந்தது. 1964இல் உச்ச நீதிமன்றத்தின் 'ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ்' தீர்ப்பு வந்துதான் அது உடைந்தது. "பார்த்தீர்களா, சட்டம் சரி, ஆள்தான் தவறு" என்று இதைக் காட்டலாம். ஆனால், சீரமைப்பதால் பதவி இழக்கப் போகிறவர்களிடமே சீரமைக்கும் பொறுப்பை ஒப்படைத்தது யார்? அவர்கள் மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு வழி வைக்காமல் விட்டது யார்? அந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர்களை முன்கூட்டியே வடிகட்டிவைத்தது யார்? மூன்றையும் செய்தது அந்தச் சட்டம்தான். தவறும் ஆட்களை உற்பத்தி செய்து, தவறுவதற்கு வசதியும் செய்துகொடுத்த சட்டத்தை எப்படி நல்ல சட்டம் என்பது?

இதன் மறுபக்கமாக இன்னொரு நம்பிக்கை உண்டு: இழிவான சொற்களை நீக்கிவிட்டால் சட்டம் தூய்மையாகிவிடும் என்பது. அலபாமா அந்தச் சோதனையையும் நடத்திப் பார்த்தது. வெள்ளையர்-கறுப்பர் கலப்பு மணத் தடையை 2000இல் நீக்கினார்கள். அப்போதும் வாக்களித்தவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் அதை வைத்திருக்கவே விரும்பினார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கறுப்புப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளி என்ற 256ஆம் பிரிவின் வாசகத்தை நீக்கும் முயற்சி, 2004இல் இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. கல்வி உரிமையை மறுத்து 1956இல் சேர்த்த வாசகமும் சேர்ந்து போனால், நீதிமன்றங்கள் பள்ளிகளுக்காக வரியை உயர்த்தச் சொல்லிவிடும் என்பதே எதிர்த்தவர்களின் பிரசாரம். இன வெறியின் வாசகத்துக்கு வரி அச்சம் காவல் நின்றது.

அந்த வரி ஏற்பாடுதான் இந்தச் சட்டத்தின் முதுகெலும்பு. சொத்து வரிக்கு உச்சவரம்பை அரசியலமைப்பே விதிக்கிறது. 1978இல் வந்த திருத்தம் விவசாய நிலத்துக்கும் காட்டு நிலத்துக்கும் சந்தை மதிப்பில் வரி போடாமல், அப்போதைய பயன்பாட்டின் மதிப்பில் போடும் சலுகையைத் தந்தது. வருமான வரி 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 1933இன் திருத்தம் பூட்டு போட்டது. பரந்த மரக்காடுகளின் உரிமையாளர் மிகக் குறைவாகக் கட்ட, ஏழைத் தாய் மளிகைச் சாமானுக்கும் விற்பனை வரி கட்டுகிறார். கரிசல் பகுதிப் பள்ளிகள் பணமின்றித் தவிக்கின்றன. கவுண்ட்டி நிர்வாகங்களுக்குத் தாமாக முடிவெடுக்கும் அதிகாரமும் அற்பம். ஒரு கவுண்ட்டியில் பிங்கோ ஆட்டத்தை அனுமதிக்கக்கூட அரசியலமைப்பைத் திருத்த வேண்டியிருந்தது. திருத்தங்கள் 900ஐத் தாண்டின. உலகின் மிக நீளமான அரசியலமைப்பு என்ற பெயரும் வந்தது.

2022 நவம்பர் 8 அன்று இனவெறிச் சொற்களை அகற்றித் தொகுத்த புதிய சட்டத்தை மக்கள் ஏற்றார்கள். குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பு வாங்கலாம் என்ற வாசகமும் அதில் போனது. அதை வரவேற்கிறேன், அந்தச் சொற்கள் ஒரு நாள்கூட இருந்திருக்கக் கூடாதவை. ஆனால் தொகுப்பவர்களுக்குத் தந்த அனுமதி சொற்களை நீக்குவதற்கும் வரிசைப்படுத்துவதற்கும் மட்டுமே. வரி உச்சவரம்பும் கவுண்ட்டிகளின் கைக்கட்டும் அப்படியே புதிய ஏட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

அலபாமாவில் வாக்குரிமை மீண்டது நல்ல அதிகாரிகள் வந்ததால் அல்ல. 1965 மார்ச் 7 அன்று செல்மா நகரின் பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்த மக்கள் தடியடி வாங்கினார்கள். அந்தச் செல்மா இருப்பது, 1901இல் பொய்க் கணக்குக் காட்டிய அதே டல்லாஸ் கவுண்ட்டியில்தான். அந்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் வாக்குரிமைச் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு நீதிமன்றங்கள் மாநிலத் தேர்தல்களிலும் தலைவரியை ஒழித்தன. சட்டத்தை அதைவிட வலிய சட்டத்தால்தான் முறியடிக்க முடிந்தது.

ஆகவே, எந்த அரசியலமைப்பைப் போற்றுவதற்கு முன்னும் முகவுரையைத் தாண்டிப் போய் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். வாக்காளரை யார் தீர்மானிக்கிறார்? வரிச்சுமை யார் தோளில் இறங்குகிறது? ஊர் தன் தேவைக்கு யாரிடம் கையேந்த வேண்டும்? திருத்தும் சாவி யாரிடம் இருக்கிறது? இவற்றுக்கு நியாயமான விடை தராத ஏட்டை உத்தமர்களிடமே கொடுத்தாலும் அது மக்களை வஞ்சிக்கும். அதைத் திருத்தப் போராடுவதுதான் கடமை. ஆளை மாற்றிவிட்டு வீடு திரும்புவது அந்தக் கடமையைத் தட்டிக்கழிப்பதாகும்.